கையால எழுதின முகவரி

போன ஆவணியில ஒருநாள், இரவு பத்து மணிக்கு மேல எங்கட குழுவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு குரல் பதிவு வந்தது. கனடாவில இருக்கிற ஒரு அன்ரி கதைச்சிருந்தா.

"தம்பியவை, எங்கட அண்ணையின்ர கல்வெட்டில, பின் அட்டையில கறுப்புப் பெட்டி மாதிரி ஒண்டு அடிச்சிருக்கெல்லே, அதைப் போனால பிடிச்சால் பக்கம் இல்லையெண்டு வருது. மருமகள் மூண்டு தரம் பிடிச்சுப் பாத்திட்டா. நாளைக்கு அண்ணைக்கு ஆண்டுத் திவசம். பேரப்பிள்ளையளுக்கு அவற்ற குரலைக் கேக்கப் பண்ணலாமெண்டு நினைச்சன். என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ."

யாழ்ப்பாணத்துக்கு வெளியில இருந்து வாசிக்கிறவைக்கு ஒரு விளக்கம். ஒருவர் இறந்து 31ஆம் நாள் நிகழ்வுக்கு வருகிறவர்களுக்கு ஒரு நினைவு மலர் கொடுக்கும் வழக்கம் எங்கட பக்கம் உண்டு. அதைக் கல்வெட்டு என்றுதான் சொல்லுவோம். இறந்தவரின் வாழ்க்கை, வம்சம், தேவாரங்கள், நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும். எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் வராத ஆக்களின்ர வரலாறு பெரும்பாலும் அந்த இருபது முப்பது பக்கத்துக்குள்ளதான் கிடக்குது.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஊர் வாசிகசாலைக்காக ஒரு வெப்சைற் செய்தோம். கல்வெட்டுகள், பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள் என்று வீடு வீடாகத் தேடி வாங்கி, ஸ்கேன் செய்து போடுகிற வேலை. அந்த அன்ரியின் அண்ணர் ஒரு காலத்தில் ஊர் நாடகங்களில் பாடினவர். அவர் பாடிய ஒரு பழைய கசற் பதிவையும் அவருடைய பக்கத்தில் ஏற்றியிருந்தோம். கல்வெட்டு அச்சுக்குப் போகும்போது அந்தப் பக்கத்துக்கான கியூஆர் கோட்டை எடுத்துக் கொடுத்ததும் நாங்கள்தான்.

பக்கம் எங்கையும் போகேல்லை. ஸ்கேன், குரல் எல்லாம் சேர்வரில் பத்திரமாக இருந்தது. அதின்ர முகவரிதான் மாறியிருந்தது. மாத்தினது நாங்கள்.

இரண்டு கிழமைக்கு முதல் தளத்தை ஒருக்கா ஒழுங்குபடுத்தினோம். அதுவரைக்கும் கல்வெட்டுகள் எல்லாம் '/மலர்/37/' என்ற மாதிரியான முகவரிகளில் இருந்தன. பாடசாலை மலர்களும் வந்து சேர்ந்த பிறகு எது எந்த மலர் என்று குழம்பத் தொடங்கியதால், '/கல்வெட்டு/37/' என்று மாற்றினோம். முகவரிகள் இருக்கிற பைலில் ஒரு வரி. அவ்வளவுதான். மாற்றின உடனே தளத்தின் பாதி லிங்க்குகள் செத்துப் போயின. காரணம், ஒவ்வொரு பக்கத்துக்குமான ரெம்ப்ளேற்றிலும் '/மலர்/' என்று நாங்கள் கையால எழுதி வைத்திருந்தோம். முகப்புப் பக்கத்தில, தேடல் பக்கத்தில, 'இதையும் பாருங்கள்' பெட்டியில, கீழ்ப்பட்டியில. தேடித் தேடி மாற்றினோம். முடிந்தது என்று நினைத்தோம். அச்சடித்த கல்வெட்டின் பின் அட்டையில ஒரு முகவரி இருக்கிறது ஒருத்தருக்கும் ஞாபகம் வரேல்லை.

இந்தக் கட்டுரை அந்த இரவில இருந்து தொடங்குது. கோட் எழுதுகிற எங்கட வயசுப் பெடியள் பெட்டையளுக்குத்தான் முக்கியமாச் சொல்ல வாறம். எழுதாதவையும் வாசிக்கலாம், ஏனெண்டால் செத்த லிங்க்கைத் தட்டி ஏமாறுறது நீங்கள்தான். நாங்கள் சொல்ல வாறது இதுதான்: ரெம்ப்ளேற்றில் முகவரியைக் கையால எழுதாதேங்கோ. அதைப் பிரேம்வேர்க்கிடம் கேட்டு வாங்குங்கோ. நேரம் மிச்சமாகும் எண்டதுக்காக மட்டும் இதைச் சொல்லேல்லை. லிங்க் எண்டது வாசகருக்கு நாங்கள் குடுக்கிற ஒரு வாக்கு. அது பிழைச்சால் முதல்ல எங்களுக்குத் தெரிய வேணும், வாசகருக்கில்லை.

சந்திக் கடை அண்ணை

ரெம்ப்ளேற் எண்டால் என்ன? கலியாண வீட்டுக் கார்ட் மாதிரி. மாப்பிள்ளை, பொம்பிளை, நாள், மண்டபம் இந்த இடங்களை மட்டும் வெறுமையா விட்டு மற்றதெல்லாம் முதலே அச்சில இருக்கும். எங்கட தளத்தில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருந்தாலும், அவை எல்லாவற்றையும் காட்டுவதற்கு ஒரே ஒரு ரெம்ப்ளேற்தான். ஒருவர் 37ஆம் கல்வெட்டைக் கேட்டால், அந்த வெற்றிடங்களில் 37ஆம் ஆளின் பெயரும் படமும் போய் உட்கார, பக்கம் ரெடி.

லிங்க்கும் அப்பிடி ஒரு வெற்றிடம்தான். அதை நிரப்ப இரண்டு வழி இருக்கு. ஒன்று, '/மலர்/' என்று நீங்களே எழுதி, பின்னால எண்ணை மட்டும் வெற்றிடமா விடுவது. மற்றது, 'கல்வெட்டு விபரம் எண்டு ஒரு பக்கம் இருக்குதெல்லே, அதின்ர 37ஆம் இலக்கத்துக்கு முகவரி என்ன?' என்று பிரேம்வேர்க்கிடம் கேட்பது.

இதை விளங்கிக்கொள்ள எங்கட ஊரை யோசிச்சுப் பாருங்கோ. ஊருக்குப் புதிசா வந்த ஒருவர் கணக்கு மாஸ்டர் வீட்டைத் தேடினால், வீட்டு இலக்கத்தை வைச்சுக்கொண்டு தேடமாட்டார். சந்திக் கடையில கேட்பார். 'மாஸ்டர் இப்ப அங்க இல்லை, போன வருஷம் மேளின்ர வீட்டோட போயிட்டார், ஒழுங்கையால போய் இரண்டாவது கேற்' என்று கடைக்கார அண்ணை சொல்லுவார். மாஸ்டர் எத்தனை தரம் வீடு மாறினாலும் ஊர் முழுக்க அறிவிக்கத் தேவையில்லை. சந்திக் கடைக்குத் தெரிஞ்சால் காணும்.

வெப் பிரேம்வேர்க்குகள் பலவற்றில் அப்பிடி ஒரு சந்திக் கடை இருக்கு. ஜாங்கோவில் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர் வைக்கலாம். ரெம்ப்ளேற்றில் 'யூஆர்எல்' என்ற டெக்குக்குள் அந்தப் பெயரையும் எண்ணையும் கொடுத்தால், முழு முகவரியை அதுவே கட்டித் தரும். பிளாஸ்க்கில் அந்த வேலைக்கு 'யூஆர்எல் ஃபோர்' என்ற பங்ஷன். லாரவெலில் 'ரூட்'. ரூபி ஒன் ரெயில்ஸில் ஒவ்வொரு பாதையின் பெயருக்குப் பின்னாலும் 'பாத்' என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். பெயர்தான் வேறு வேறு. யோசனை ஒன்றுதான்: முகவரியை ஒரே ஒரு இடத்தில் எழுது, மற்ற எல்லா இடத்திலும் பெயரைச் சொல்லிக் கேள்.

ஜாங்கோவில் இன்னும் ஒரு படி மேல போகலாம். கல்வெட்டு என்ற மொடலுக்குள்ளேயே, 'உன்ர முகவரி என்ன' என்று கேட்டால் பதில் சொல்கிற ஒரு மெதட்டை எழுதி வைக்கலாம். பிறகு ரெம்ப்ளேற்றுக்குப் பாதையின் பெயர்கூடத் தெரியத் தேவையில்லை. கல்வெட்டிடமே கேட்டுக்கொள்ளும்.

ஜாங்கோ பிறந்த இடம் ஒரு செய்திப் பத்திரிகை அலுவலகம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்ற நகரத்துப் பத்திரிகைக்காக அதை எழுதத் தொடங்கி, 2005இல் எல்லோருக்குமாக வெளியிட்டார்கள். பழைய செய்தி பழைய முகவரியிலேயே கிடைக்க வேண்டும் என்பது பத்திரிகைக்காரருக்குப் புதிசா விளங்கப்படுத்தத் தேவையில்லாத விஷயம். வலையை உருவாக்கிய ரிம் பேர்னேர்ஸ் லீ 1998இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை இருக்கு. நல்ல முகவரி மாறக்கூடாது என்பதுதான் அதின்ர முழு வாதமும். ஜாங்கோவின் கையேட்டில், முகவரிகளைப் பற்றிய பகுதியில், அந்தக் கட்டுரையைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பகுதியை மூன்று தரம் திறந்திருப்போம். கோட்டை மட்டும் கொப்பி பண்ணிக்கொண்டு வந்திட்டோம்.

கையால எழுதினால் எங்க உடையும்?

'எங்கட சைற் சின்னன், அஞ்சு பக்கம், இதுக்கெல்லாம் பெயர் வைச்சு என்னத்துக்கு?' இதுதான் நாங்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. நாங்களும் அப்பிடித்தான் சொன்னனாங்கள். அதால, உடையிற இடங்களை ஒவ்வொண்டாச் சொல்லிறம்.

முதலாவது எல்லாருக்கும் தெரிஞ்ச பகிடி. லப்டொப்பில் செய்து பார்க்கும்போது முகவரி 127.0.0.1 என்று தொடங்கும். பிரவுசரில் இருந்து அதை அப்பிடியே கொப்பி பண்ணி ரெம்ப்ளேற்றில் ஒட்டிவிட்டால், செய்தவரின் லப்டொப்பில் எல்லாம் வடிவா வேலை செய்யும். ஏற்றின பிறகு வேறு ஆர் தட்டினாலும் அது அவரவரின் சொந்தப் போனுக்குள்ளேயே தளத்தைத் தேடும். செய்தவர் மட்டும் 'எனக்கு வேலை செய்யுதே' எண்டு நிற்பார். உண்மைதான், அவருக்கு மட்டும்தான் வேலை செய்யும். இப்பிடி ஒரு லிங்க் எங்கட தளத்திலும் இரண்டு மாதம் இருந்தது.

இரண்டாவது, தளத்தை இடம் மாற்றும்போது. ஒரு டொமைனின் நேர்முகப்பில் இருந்த தளத்தை, காசு பிரச்சினையால இன்னொரு நிறுவனத் தளத்தின் ஒரு மூலைக்குள், உதாரணமாக '/வாசிகசாலை/' என்பதற்குக் கீழ், கொண்டுபோய் வைக்க வேண்டி வரலாம். ஊர் அமைப்புகளுக்கு இது நடக்கிற கதை. கையால எழுதின ஒவ்வொரு '/மலர்/' லிங்க்கும் இப்ப அந்தப் பெரிய தளத்தின் வாசலில் போய் நின்று கதவைத் தட்டும். பிரேம்வேர்க்கிடம் கேட்டு வாங்கின லிங்க்குகளுக்கோ, தளம் எங்க இருக்கு என்று சேர்வரில் ஒரு இடத்தில் சொன்னால் போதும். முன்னுக்கு வரவேண்டிய பகுதி தானாகச் சேரும்.

மூன்றாவதுதான் இலங்கையில் இருக்கிற எங்களுக்கு ஆகக் கிட்டவான விஷயம். மும்மொழித் தளங்கள். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, தமிழில் எழுதியிருக்கிற ஒரு லிங்க்கைத் தட்டினால் ஆங்கிலப் பக்கத்தில போய் விழுந்த அனுபவம் உங்களில எத்தனை பேருக்கு இருக்கு? திரும்ப மேல போய்த் 'தமிழ்' என்று தட்டினால் முகப்புக்கே கொண்டுபோய் விடும். எல்லா இடத்திலும் மொழிபெயர்ப்பு இல்லாததுதான் காரணம் எண்டில்லை. சில இடத்தில் தமிழ்ப் பக்கம் இருக்கும், லிங்க்கில மொழி இருக்காது. ஜாங்கோவில் பாதைகளுக்கு முன்னால் மொழியைச் சேர்க்கிற ஒரு வசதி இருக்கு. முகவரியைப் பெயர் சொல்லிக் கேட்டால், வாசகர் இப்ப எந்த மொழியில நிற்கிறாரோ அந்த மொழிக்கான முகவரியைத்தான் அது தரும். கையால எழுதின லிங்க்குக்கு வாசகர் எந்த மொழியில நிற்கிறார் என்பது தெரியாது. மொழி உரிமை பற்றி நாங்கள் நிறையக் கதைக்கிறம். எங்கட ரெம்ப்ளேற்றுக்குள்ள அது எப்பிடி இருக்கு எண்டும் பாக்கத்தான் வேணும்.

உடைஞ்சால் சத்தம் போடட்டும்

பெயர் சொல்லிக் கேட்கிற முறைக்கு எதிராக ஒரு நியாயமான முறைப்பாடு உண்டு. பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் ஜாங்கோ முழுப் பக்கத்தையும் நிறுத்திவிட்டு 'நோ ரிவர்ஸ் மெட்ச்' என்று கத்தும். கையால எழுதின லிங்க் அப்பிடிச் செய்யாது. பிழையான முகவரியானாலும் பேசாமல் நீல நிறத்தில், கீழ்க்கோட்டோட, நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். புதிசாப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கத்தலைக் கண்டு வெறுத்துப் போகும். எங்கட குழுவிலேயே ஒருத்தி 'இவ்வளவு கரைச்சல் தாற சாமான் எனக்கு வேண்டாம்' எண்டு சொல்லி, பழையபடி கையால எழுதத் தொடங்கினவ.

ஆனால் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. அந்தக் கத்தல் ஆருக்குக் கேட்குது? கோட் எழுதுகிறவருக்கு, அவர் தன்ர லப்டொப்பில் பக்கத்தைத் திறந்து பார்க்கிற நேரத்தில், பெரும்பாலும் தளத்தை ஏற்ற முதலே. கையால எழுதின லிங்க் அந்த நேரத்தில் அமைதியா இருக்கும். அது உடைஞ்சது, மாதக்கணக்காப் போன பிறகு, டொரொன்டோவில இருக்கிற ஒரு அன்ரிக்குத்தான் தெரிய வரும். அவ கோபப்படவும் மாட்டா. தனக்குப் போன் பாவிக்கத் தெரியேல்லை எண்டு நினைச்சு மருமகளிட்டக் குடுப்பா. மருமகளும் மூண்டு தரம் பிடிச்சுப் பாத்திட்டு விட்டிடுவா. எங்களுக்குச் சொல்லி அனுப்பினது ஒரு அன்ரி. சொல்லாமல் போனவை எத்தனை பேரோ.

அதால எங்கட நிலைப்பாடு இதுதான். சத்தம் போடுகிற பிழை நல்ல பிழை. ஏற்றுவதற்கு முதல் எல்லா ரெம்ப்ளேற்றையும் ஒருக்காத் திறந்து பார்க்கிற ஒரு சின்னச் சோதனையை எழுதி வைத்தால், அந்தக் கத்தல் முழுவதும் எங்கட அறைக்குள்ளேயே முடிஞ்சு போகும்.

'கலவடட' என்ற புது ஊர்

இவ்வளவும் சொன்ன பிறகு, பிரேம்வேர்க்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவும் ஏலாது. தமிழில் வேலை செய்கிற எவருக்கும் இது ஒருநாள் வரும்.

முகவரியில் வெறும் எண் இருந்தால் அழகில்லை என்று, தலைப்பையும் சேர்க்க ஆசைப்படுவோம். தலைப்பை முகவரிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தர ஜாங்கோவில் 'ஸ்லக்கிஃபை' என்று ஒரு பங்ஷன் இருக்கு. ஆங்கிலத் தலைப்புகளுக்கு அது நல்ல வேலை செய்யும். நாங்கள் 'யாழ்ப்பாணம்' என்று கொடுத்தோம். வெறுமை வந்தது. ஒரு எழுத்தும் இல்லை. சாதாரணமாக அது ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் தவிர மற்ற எல்லாவற்றையும் வீசி விடும். அந்த வெறுமையை யூஆர்எல் டெக்குக்குக் கொடுத்தால், பழைய கத்தல் திரும்ப வரும்.

2015இல் வந்த ஜாங்கோ 1.9இல் இருந்து யூனிகோட் எழுத்துகளை அனுமதிக்க ஒரு தெரிவு இருக்கு. சந்தோஷமாக அதைப் போட்டோம். 'கல்வெட்டு' என்று கொடுத்தோம். 'கலவடட' என்று வந்தது. 'யாழ்ப்பாணம்' கொடுத்தால் 'யழபபணம'. புள்ளி இல்லை, அரவு இல்லை, கொம்பு இல்லை. காரணம், எது எழுத்து எது எழுத்தில்லை என்று அது பார்க்கிற விதிப்படி, க, ல, வ எல்லாம் எழுத்து. யூனிகோட்டில் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகளாக இருப்பதால் அவை எழுத்துக் கணக்கில் வராது. ஆகவே நீக்கம். இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டுமில்லை. இப்பிடிக் குறி போட்டு எழுதுகிற சிங்களம், இந்தி போன்றவற்றுக்கும் இதே கதிதான்.

அதோட முடியேல்லை. பாதையில் 'ஸ்லக்' என்ற வகையைப் போட்டால், அதுவும் ஆங்கில எழுத்து, எண், இரண்டு வகைக் கோடு இவற்றைத்தான் ஏற்கும். தமிழ் முகவரி வந்தால் 404. 'சரம்' என்ற பொது வகையைப் போட வேண்டியிருந்தது. கடைசியில், எழுத்தையும் குறியையும் எண்ணையும் வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் நீக்குகிற ஒரு சின்னப் பங்ஷனை நாங்களே எழுதினோம். பைதனுக்குள் ஒவ்வொரு யூனிகோட் எழுத்தும் எந்த வகை என்று சொல்கிற வசதி ஏற்கனவே இருக்கு. அதால பத்து வரிக்குள் முடிஞ்சுது.

பிறகு வாட்ஸ்அப். தமிழ் முகவரியைக் கொப்பி பண்ணி அனுப்பினால் பல இடங்களில் அது சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒரு பெரிய வால் மாதிரி வரும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் யூரிஎஃப் 8 முறையில் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரிக்குள் மூன்று எழுத்தாக மாறும். ஆக ஒன்றுக்கு ஒன்பது. 'யாழ்ப்பாணம்' என்பதில் புள்ளி, குறிகள் சேர்த்து 11 இருக்கு. முகவரியில் அது 99 எழுத்தாகும். ஒரு ஊர்ப் பெயருக்கு 99. அதை ஒரு வயசான ஆள் பார்த்தால் வைரஸ் எண்டு நினைச்சு அழிச்சிடுவார். பிழை சொல்ல ஏலாது.

இதுக்காக முகவரியில தமிழே வேண்டாம் எண்டு சொல்ல வரேல்லை. பிரவுசரின் மேல்பட்டியில் தமிழ் முகவரி தமிழிலேயே தெரியும்போது அதில ஒரு மரியாதை இருக்கு. எங்கட தீர்வு, எண்ணும் பெயரும் சேர்ந்தது. '/கல்வெட்டு/37/' என்பதுதான் உண்மையான முகவரி. அதுக்குப் பின்னால பெயர் வந்தால் வரட்டும். சேர்வர் பார்ப்பது 37ஐ மட்டும். பெயரை வெட்டிவிட்டு அனுப்பினாலும், பெயரில் எழுத்துப் பிழை திருத்தினாலும் பக்கம் திறக்கும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்விகளின் முகவரி இப்பிடித்தான் இருக்கு. கியூஆர் கோட்டுக்கு எண் உள்ள குட்டி முகவரியை மட்டும்தான் இப்ப குடுக்கிறம். முகவரி கட்டையா இருந்தால் கோட்டில் கட்டங்களும் குறையும், மங்கின அச்சிலும் போன் பிடிக்கும்.

அந்த எண்ணிலும் கவனம் வேணும். டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கிற எண்ணை நம்பக்கூடாது. தகவலை வேறு இடத்துக்கு ஏற்றி இறக்கும்போது அது மாறலாம். நாங்கள் இப்ப வாசிகசாலைப் பதிவேட்டில், சாமான் வந்து சேர்ந்த வரிசையில் எழுதுகிற எண்ணையே பாவிக்கிறம். 2005இல் தொடங்கின நூலகம் எண்ணிம நூலகத்தைப் பாருங்கோ. அங்க ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் இருக்கு. தலைப்பை எப்பிடி எழுதினாலும் அந்த எண் அந்த ஆவணத்துக்குத்தான்.

சந்திக் கடையால் ஏலாதது

கடைசியா ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேணும். நாங்கள் ஆரம்பத்தில இருந்தே ஒழுங்கா எல்லா லிங்க்கையும் பெயர் சொல்லிக் கேட்டிருந்தாலும், அன்ரியின் கியூஆர் கோட் உடைஞ்சிருக்கும். பிரேம்வேர்க் எங்கட ரெம்ப்ளேற்றுக்குள் இருக்கிற லிங்க்குகளைத்தான் புதுப்பிக்கும். வாட்ஸ்அப்பில் போனது, ஒருத்தர் பேஸ்புக்கில் போட்டது, அச்சில் ஏறினது எதையும் அதால தொட ஏலாது. கியூஆர் கோட்டுக்குள் இருப்பது முகவரியேதான். அச்சடிச்ச பிறகு மாத்தவே ஏலாது.

அதுக்கு வேற வேலை செய்ய வேணும். பழைய பாதையை அழிக்காமல் வைத்து, அதில வாறவரைப் புதுப் பாதைக்கு 301 என்ற பதிலோட அனுப்பி வைக்க வேணும். 301 என்றால் 'நிரந்தரமா இடம் மாறிட்டுது' என்று பொருள். தேடுபொறிகளும் அதை விளங்கிக்கொள்ளும். ஜாங்கோவில் அதுவும் ஒரு வரிதான். இங்கேயும் பெயர் வைத்ததின் பலன் தெரியும்: எங்க அனுப்புவது என்பதைக் கூடப் பாதையின் பெயரைச் சொல்லிக் கொடுக்கலாம். பிறகொரு நாள் திரும்ப மாற்றினால், பழைய கோட்டும் தானாகப் புது இடத்துக்கே போகும்.

அண்டிரவு நாங்கள் செய்தது அதைத்தான். பதினொன்றரைக்கு ஒரு வரி எழுதி ஏற்றினோம். அன்ரிக்கு 'இப்ப ஒருக்காப் பிடிச்சுப் பாருங்கோ' என்று அனுப்பினோம். கொஞ்ச நேரத்தால ஒரு குரல் பதிவு வந்தது. கதை ஒண்டும் இல்லை. பின்னால அவருடைய அண்ணரின் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கட சனத்துக்கு ஆவணங்கள் அழியிறது புதிசில்லை. 1981 எண்டு சொன்னால் மிச்சத்தை ஒருத்தரும் கேட்கிறதில்லை. போரில, இடப்பெயர்வில, கறையானில, மழையில எவ்வளவோ போயிட்டுது. அதெல்லாம் எங்கட கையில இருக்கேல்லை. இது எங்கட கையில இருக்கு. ஸ்கேன் செய்து, பெயர் திருத்தி, சேர்வருக்குக் காசு கட்டி, எல்லாம் பத்திரமா இருக்கும்போது, '/மலர்/' என்று ஒரு சொல்லைக் கையால எழுதினதால் அது கிடைக்காமல் போகிறது வெட்கமான விஷயம்.

இதைப் படிப்பிக்கிற விதமும் மாற வேணும். வெப் படிப்பிக்கிற வகுப்புகளில் முதல் நாளே லிங்க்கைக் கையால எழுதப் பழக்கிறார்கள். அது சரி, எச்ரிஎம்எல் விளங்க வேணும்தானே. ஆனால் பிரேம்வேர்க்குக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் அப்பிடியே வருது. புரொஜெக்ட்டுக்குப் புள்ளி போடுகிறவர்களும் லிங்க் திறக்குதோ எண்டுதான் பார்க்கிறார்கள். நாளைக்கும் திறக்குமோ எண்டு பார்க்கிறதில்லை. ஒரு பாதையை மாற்றச் சொல்லி, பிறகு எத்தனை லிங்க் உடையுது எண்டு பார்த்துப் புள்ளி போட்டால், எல்லாரும் ஒரே நாளில் பழகிடுவினம். தமிழில் இதை விளங்கப்படுத்துகிற பாடங்களும் வேணும், 'கலவடட' வாற இடம் உட்பட. அதை ஆங்கிலப் பாடம் எழுதுகிறவர் எங்களுக்காக எழுதமாட்டார். அவருக்கு அது வாறதில்லை.

'பேஸ்புக் பேஜ் ஒண்டு போதும், தளம் என்னத்துக்கு' என்பவர்களிடமும் ஒரு சொல்லு. அங்க முகவரியை மாற்றுவதும் வைத்திருப்பதும் உங்கட கையில இல்லை. உடைஞ்சால் 301 எழுத உங்களுக்கு ஒரு வரியும் தரமாட்டார்கள்.

நீங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கோ, விளையாட்டுக் கழகத்துக்கோ, கோயிலுக்கோ ஒரு தளம் செய்து வைத்திருந்தால், இண்டைக்கு இரவு ரெம்ப்ளேற் போல்டரைத் திறவுங்கோ. 127.0.0.1 எண்டு ஒருக்காத் தேடுங்கோ. பிறகு, சாய்கோட்டோட தொடங்கிற லிங்க்குகளைத் தேடுங்கோ. எத்தனை இருக்கெண்டு எண்ணுங்கோ. எங்களுக்கு 43 இருந்தது. பெயர் வைச்சு மாத்த ஒரு சனிக்கிழமை பின்னேரம் போதுமா இருந்தது. மாத்திற நேரம், நீங்கள் எப்பவோ அச்சுக்குக் குடுத்த கியூஆர் கோட்டுகளையும் ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. எங்கட கொப்பி இப்ப வாசிகசாலை மேசை லாச்சிக்குள்ள இருக்கு. நாங்கள் இல்லாத காலத்தில தளத்தைப் பாக்கப் போறவை முதல்ல அதைத்தான் திறக்க வேணும் எண்டு முன் பக்கத்தில எழுதியிருக்கிறம்.